கிள்ளானில் இருந்த இரண்டாம் பாதி

எங்கள் வீட்டில் ஓர் ஆங்கில நாவலின் முதற்பாதி மட்டும் பல ஆண்டுகள் இருந்தது. இரண்டாம் பாதி கிள்ளானில் இருந்தது. காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் அந்த இரு பாதிகளும் ஒன்றையொன்று காணாமலே கிடந்தன. அவற்றை வைத்திருந்த இரண்டு வீடுகளும் அவ்வாறே இருந்தன.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையொன்றில் குடியிருந்தோம். ஐயாவுக்குச் சரக்குப் பகுதி அலுவலகத்தில் தலைமை எழுத்தர் வேலை. அண்ணன் செந்தூல் பட்டறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். எங்கள் வரிசையில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்களே இருந்தோம். வாசலில் கரி படிந்த செம்பருத்தி வேலி, அதற்கப்பால் தண்டவாளம். வண்டி போகும் நேரத்தில் பேச்சை நிறுத்தி, போன பின் விட்ட சொல்லிலிருந்தே தொடரும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நான் கன்னியர் பள்ளியில் படித்தவள். கலியாணப் பேச்சு எழுந்ததும் வீட்டில் நிறுத்தப்பட்டேன்.

அந்தப் புத்தகம் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்தது. பழைய மகாராணியின் காலத்தில் எழுதப்பட்ட கனத்த நாவல். காற்று ஓயாத ஒரு மேட்டின்மேல் ஒரு வீடு. அதில் தாயில்லாத ஓர் அண்ணனும் தங்கையும். தகப்பன் இறக்கும்போது அந்த வீட்டில் தங்கைக்கு என்றும் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு இறக்கிறான். அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள். தன் முன்னால் யாராவது அண்ணனை ஏசத் தொடங்கினால் அவள் மறுத்துப் பேசுவதும் இல்லை, சேர்ந்து ஏசுவதும் இல்லை. எழுந்து அறையை விட்டுப் போய்விடுவாள்.

இவ்வளவும் முதற்பாதியில் உள்ளவை. மாலையில் அம்மா கீரை ஆயும்போது நான் பக்கத்தில் அமர்ந்து அவற்றைத் தமிழில் சொல்லுவேன்.

"அந்தப் பெட்டைக்கு மாமன்மார் ஒருத்தரும் இல்லையோ?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"கதையில சொல்லேல்லை அம்மா."

"சொல்லேல்லை எண்டால் இல்லை. ஒரு மாமன் இருந்திருந்தால் ரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தி, என்னடா இது எண்டு கேட்டிருப்பான். கதை பத்துப் பக்கத்தில முடிஞ்சிருக்கும்."

"அப்ப எழுதின மனுசன் எப்பிடிச் சீவிக்கிறது?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஐயாவின் குரல் வந்தது.

புத்தகம் இரண்டானது மழைக்காலத்தில். ஈரத்தில் முதுகுப் பசை விட்டுப் பக்கங்கள் நடுவில் பிளந்தன. அம்மா சாக்குத் தைக்கும் ஊசியும் சணல் நூலும் எடுத்து, இரண்டு பாதிகளையும் தனித்தனியே தைத்துவிட்டார். முதற்பாதி ஒரு பாதிரியார் வீட்டு விருந்தின் நடுவில், முடியாத வாக்கியத்தோடு நின்றுவிட்டது. பாதிரியார் இறைச்சியை வெட்டிக்கொண்டே, வரும் வழியில் தான் ஒருவனைக் கண்டதாகவும், அவன் முகம் எங்கோ பார்த்த முகமாக இருந்ததாகவும் சொல்லத் தொடங்குகிறார். அத்தோடு சரி. அவன் யார் என்று கதை கேட்ட எல்லோருக்கும் தெரியும். அவன் படியேறி வந்தானா, அவள் கதவைத் திறந்தாளா என்பது மற்றப் பாதியில்.

அந்த மற்றப் பாதி கிள்ளானுக்குப் போனதும் கலியாணப் பேச்சினால்தான். எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு குடும்பம் கிள்ளானில் இருந்தது. தகப்பனார் ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்ட டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப் போடவும் மருந்து கலந்து கொடுக்கவும் தெரிந்தவர். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். எங்கள் வீட்டிலும் ஒரு மகன், ஒரு மகள். பெரியவர்கள் மாற்றுச் சம்பந்தம் பேசினார்கள். அவர்களுடைய மகளை என் அண்ணனுக்கும், என்னை அவர்களுடைய மகனுக்கும் கொடுப்பது. இரண்டு கலியாணமும் ஒரே முகூர்த்தத்தில். எங்களவர்களுக்குள் இது விரும்பப்பட்ட ஏற்பாடு. நீ என் மகளை நன்றாக வைத்திருந்தால் உன் மகளும் நன்றாக இருப்பாள் என்ற எண்ணம் அதன் அடியில் உண்டு. ஒரு கால் தளர்ந்தால் மறுகாலும் நிற்காது என்பதும் அதன் அடியிலேயே இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தப் பெண் எனக்குப் புதியவள் அல்லள். கோலாலம்பூரில் தன் சித்தப்பா வீட்டில் தங்கி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். முறைக்கு மச்சாள். வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லித்தருவாள். நான் அவளுக்குக் கட்டுரை எழுதிக்கொடுப்பேன். அவளுடைய நாக்குக் கூர்மையானது, மனம் அப்படியல்ல. அவள் அண்ணனுக்கு மனைவியாகி எங்கள் வீட்டுக்கு வருவாள் என்றறிந்தபோது, எனக்கென்று பேசப்பட்ட மாப்பிள்ளையைப் பற்றி நினைத்ததைவிட அதிகமாக அவளைப் பற்றியே நினைத்தேன். பெண் வீடு மாறும் வழக்கத்தில், அவள் வரும் நாளில் நான் போய்விடுவேன் என்பது கணக்குத் தெரிந்த அவளுக்குத்தான் முதலில் உறைத்தது. "நீ என்ர வீட்டில, நான் உன்ர வீட்டில. நல்லா மாத்தினாங்கள், போ," என்று கோயிலில் கண்டபோது சிரித்தாள்.

பேச்சு முற்றியதும், நாங்கள் ஒருவரும் அதுவரை படிக்காத அந்தப் புத்தகம் அவளுக்கே முதலில் போகவேண்டும் என்று அம்மா சொன்னார். மாப்பிள்ளையின் புத்தகம் அல்லவா? முதற்பாதி கிள்ளானுக்குப் போய், அவள் படித்து முடித்தபின் எனக்குத் திரும்பி வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாதி அவளுக்குப் போனது. கொண்டுபோனவர் அண்ணன்.

நாள் குறித்து, இரு வீட்டாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்வரை ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை பெண்ணின் வாசலில் தலைகாட்டுவதும் கூடாது. ஆகவே அண்ணன் டிஸ்பென்சரிக்குப் போய், டிரெஸ்ஸர் மாமாவின் கையில் பொதியைக் கொடுத்துவிட்டு வருவார். புத்தகம் ஒருமுறை, எள்ளுருண்டை ஒருமுறை, கறிவேப்பிலைக் கன்று ஒருமுறை. கொடுக்க ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், "மாமாவுக்கு ஒண்டும் இல்லையோ அம்மா?" என்று அண்ணனே கேட்பார். சட்டைக்குக் கஞ்சி போட்டு, தலையை ஈரத்தோடு வாரிக்கொண்டு புறப்படும் அவரைப் பார்த்து அம்மா பூரித்துப்போவார்.

"பாத்தியே, இப்பவே மாமன் வீட்டில எவ்வளவு வாரப்பாடு! வாசலுக்கும் போறானில்லை. மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

கிள்ளானிலும் அதையே சொன்னார்களாம். வீட்டுக்கு வராமல் டிஸ்பென்சரியோடு நின்றுவிடும் அவருடைய அடக்கத்தை டிரெஸ்ஸர் மாமா ஊரெல்லாம் மெச்சினார். அந்த டிஸ்பென்சரியில் ஓர் இளம் நர்ஸும் வேலை செய்கிறாள் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுப் பக்கம் போகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் கிள்ளானிலிருந்து திரும்பி, வெறும் எள்ளுருண்டை டின்னை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"ஐயா, நான் கலியாணம் முடிச்சிட்டன். சேர்ச்சில. நேற்று."

வெளியே வண்டி ஒன்று போனது. அது போய் முடியும்வரை யாரும் பேசவில்லை.

"ஆர்?" என்றார் அம்மா.

"டிஸ்பென்சரி நர்ஸ். எங்கட ஆக்கள்தான். வேதக்காரர்."

அம்மா டின்னைக் கையில் எடுத்துத் திறந்து பார்த்தார். "அப்ப இந்த எள்ளுருண்டை எல்லாம் ஆர் சாப்பிட்டது?"

"மாமாவிட்டத்தான் குடுத்தனான் அம்மா. ஒண்டும் குறைக்கேல்லை."

அவர் சொன்னது உண்மை. என் அண்ணன் சின்ன விஷயங்களில் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

ஐயா கோபத்தில் குரலை உயர்த்துபவர் அல்லர். அன்றும் உயர்த்தவில்லை. "வேதக்காரி எண்டது எனக்கு ஒரு விசயமில்லை. விருப்பம் எண்டால் முதலே சொல்லியிருக்கலாம். நானே போய்க் கால்ல விழுந்து பேச்சை நிப்பாட்டியிருப்பன். நீ ஒரு பெட்டையை ஊருக்கு முன்னால நிறுத்திவைச்சுப்போட்டு வந்திருக்கிறாய்."

"ஐயா..."

"எனக்குக் குத்தம் செய்தால் நான் மன்னிக்கலாம். கொம்மாவுக்குச் செய்தால் அவ மன்னிக்கலாம். இது அந்த வீட்டுக்குச் செய்தது. மன்னிக்கிற உரிமை எங்களிட்ட இல்லை. அவை எப்ப இந்த வீட்டில வந்து கை நனைக்கினமோ, அண்டைக்கு நீயும் வா. அதுவரைக்கும் வராதை."

அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் செய்தது என்னையும் சேர்த்தே வீழ்த்தியிருக்கிறது என்பது அந்தப் பார்வையில்தான் அவருக்குப் பட்டது என்று நினைக்கிறேன். அதுவரை அவர் தன்னைப் பற்றியும் அவளைப் பற்றியும் மட்டுமே எண்ணியிருந்தார். காதலிப்பவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அந்த வாரமே டிரெஸ்ஸர் மாமாவின் மனைவி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் அதைத் தொடவில்லை.

"உங்கட மகளில நாங்கள் ஒரு குறையும் சொல்லேல்லை. தங்கமான பிள்ளை. ஆனா என்ர மகனுக்கு வெண்ணெயும் மகளுக்குச் சுண்ணாம்புமோ? தங்கச்சி அழுதுகொண்டிருக்க அவன் உங்கட வாசல்ல மாலையோட வந்து நிக்கேலுமோ? நீங்களே சொல்லுங்கோ."

"ஏலாது," என்றார் அம்மா.

"அவனும் அதைத்தான் சொன்னவன்."

எனக்கென்று பேசப்பட்டவரை நான் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அவர் தம் தங்கையின் பக்கம் நின்றார் என்று கேட்டபோது எனக்கு வருத்தத்தோடு ஒரு மதிப்பும் உண்டாயிற்று. அவ்வாறு நிற்காதவராக இருந்திருந்தால் அவரை எனக்குப் பிடித்திருக்குமா என்று எண்ணிப் பார்த்தேன். அந்தக் கேள்வியால் பயன் ஒன்றும் இல்லை. ஆயினும் பல நாட்கள் அது என்னோடு இருந்தது.

அதன்பின் கிள்ளானுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து அற்றுப்போயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் பேசுவார்கள். பிறகு அண்ணனுக்கு வருவார்கள். "உங்கட மூத்தவன் இப்பிடிச் செய்வான் எண்டு ஆர் கண்டது?" என்று ஒருவர் தொடங்குவார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். புத்தகத்துத் தங்கையைப் பார்த்துப் பழகியது என்று சொன்னால் அழகாக இருக்கும், உண்மை அதுவன்று. அவரை ஏச எனக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையைப் பலகாரத்தோடு சேர்த்து வந்தவர்களுக்கெல்லாம் பரிமாற எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் செந்தூலில் வீடு எடுத்திருந்தார். ஒரு பெண்குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டோம். அம்மா அந்தச் செய்தியைச் சொன்னவருக்குக் கோப்பி கொடுத்தார். அவர் போனபின் அந்தக் கோப்பையைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். ஐயாவின் சொல்லை மீறி அவர் செந்தூலுக்குப் போகவில்லை. போயிருக்கலாம், ஐயா தடுத்திருக்கவும் மாட்டார். ஆனால் டிரெஸ்ஸர் மாமி தண்ணீர் தொடாமல் போன செம்பை அம்மாவால் மறக்க முடியவில்லை. ஐயா சொன்னதே நியாயம் என்று அவரும் நினைத்தார். எங்கள் வீட்டின் துயரம் அதுதான். இருவரும் ஒத்த கருத்தோடிருந்தார்கள்.

பிறகு அம்மாவின் கால்கள் வீங்கத் தொடங்கின. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. நெஞ்சு பலவீனமாகிவிட்டது, இனி அடுப்படிப் பக்கம் விடவேண்டாம் என்றார் டாக்டர். ஐயாவைத் தனியே அழைத்து வேறெதுவோ சொன்னார். அதை ஐயா எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அலுவலகம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தார்.

கட்டிலில் கிடந்தபடி அம்மா ஒரு மாலை என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தப் பெடியன் பிறகு வந்தவனோ?"

"எந்தப் பெடியன் அம்மா?"

"புத்தகத்தில. வீட்டை வித்துப்போட்டுப் போனவன்."

நான் ஐயாவைப் பார்த்தேன். செய்தித்தாள் அசையவில்லை.

"தெரியாது அம்மா. மிச்சம் கிள்ளானில இருக்கு."

"ஓ," என்றார் அம்மா. மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். மறதியால் கேட்கவில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தன் மகனைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று தனக்குள் வைத்திருந்த வாக்கை அவர் உடைக்கவில்லை. வேறொருத்தியின் மகனைப் பற்றிக் கேட்டார்.

வந்தான் என்று நான் ஒரு முடிவைக் கட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கதையில் வந்தவன் வீட்டுக்கு வரமாட்டான். அம்மாவுக்கு வேண்டியிருந்தது கதையன்று. அவர் கண்ணை மூடுமுன் அண்ணன் இந்த வாசற்படி ஏறவேண்டும். அதற்குக் கிள்ளானிலிருந்து ஒருவர் வந்து எங்கள் வீட்டில் ஒரு பிடி சோறு உண்ணவேண்டும். எனக்கு அவ்வளவும் தெளிவாகத் தெரிந்தது. எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

ஐயாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "கிள்ளானில இருக்கிறதைக் கிள்ளானிலதான் போய்க் கேக்க வேணும்," என்றார். ரயில் பாஸை எடுத்துத் தந்தார்.

முதற்பாதியைச் சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் இருபுறமும் ரப்பர் மரங்கள். வரிசை தப்பாமல் ஓடிக்கொண்டே இருந்தன. மச்சாள் வீட்டில்தான் இருந்தாள். தாயார் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் இப்போது சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தாள். மேசை முழுக்கப் பழுப்புத்தாளும் மாப்பசையும். பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பசை.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இரு எண்டு சொல்லுறதோ, இருங்கோ எண்டு சொல்லுறதோ எண்டு தெரியேல்லை," என்றாள். பிறகு, "இரும்," என்று இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தாள்.

இருந்தேன். அவள் பசை தடவுவதைத் தொடர்ந்தாள்.

"புத்தகத்துக்கு வந்தனீரோ?"

"ஓம்."

"அதுக்கு மட்டுமோ?"

"இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கால்வீக்கம், ஐயா போட்ட நிபந்தனை, ஒவ்வொரு மாலையும் அம்மா கேட்கும் கேள்வி. அவள் ஒரு புத்தகத்தின் மூலையை மடித்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒட்டிய பின்னும் விரலை எடுக்கவில்லை.

"ஊரெல்லாம் எனக்காக அழுதது," என்றாள் கடைசியில். "ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. உன்ர அண்ணையை நான் ஒருக்காக் கோயில்ல கண்டனான். அதுவும் முதுகை. நல்ல முதுகுதான். ஆனா ஒரு முதுகு இல்லாமப் போச்சுதெண்டு எவ்வளவு காலம் அழுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அவமானம் இருந்துதுதான். இல்லையெண்டு சொல்லன். ஐயா டிஸ்பென்சரிக்குப் போகவே கூசினவர். அண்ணை எனக்காகக் கலியாணமே வேண்டாம் எண்டு இருந்தவர். நான்தான், நீ இருந்து என்ன செய்யப் போறாய் எண்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினனான். போன வருசம் அங்க முடிச்சிட்டார். உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"உம்மட வீட்டுக்கே அனுப்பியிருக்கலாம். அம்மா விடேல்லை." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்கு இல்லாமப் போனது மாப்பிள்ளை இல்லை. நீ. நீங்கள் வெக்கத்தில கதவைச் சாத்தினீங்கள். நாங்கள் ரோசத்தில சாத்தினம். நடுவில எங்கட புத்தகமும் ரண்டு வீட்டில பிரிஞ்சு கிடந்துது."

நான் கையிலிருந்த பொதியை அவிழ்த்து மேசையில் வைத்தேன். அவள் உள்ளே போய் மற்றப் பாதியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் சணல் தையல் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது.

"எப்பிடி முடியுது?" என்று கேட்டேன்.

"வாறான். ஆனா பிந்தி வாறான். பாதிரியார் கண்டது அவனைத்தான். மேட்டடி வரைக்கும் வந்திட்டு, கூச்சத்தில திரும்பிப் போறான். பிறகு வரேக்க அவள் செத்துப்போனாள். கல்லறைக்கு முன்னால நிண்டு ஒன்பது பக்கம் அழுறான். நான் எண்ணிப் பாத்தனான்." பசைக் கிண்ணத்தை மூடினாள். "ஒன்பது பக்கத்துக்கு அழத் தெரிஞ்சவனுக்கு ஒரு படி ஏறத் தெரியேல்லை. இதைப் போய் மாமிக்குச் சொல்லப் போறீரோ?"

"மாட்டன்."

"நானும் விடன். சனிக்கிழமை வாறன்."

அவளுடைய தாயார் கோயிலிலிருந்து வந்து விஷயம் அறிந்ததும் அர்ச்சனைத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு மகளைப் பார்த்து, "நோயாளியைப் பாக்கப் போறதெண்டால் போ. தடுக்கிறது பாவம். ஆனா அங்க கை நனைக்காதை," என்றார். எனக்கு முன்னாலேயே சொன்னார். அது நேர்மை என்றே எனக்குப் பட்டது. ஆனால் நான் கேட்டு வந்தது அந்த ஒன்றைத்தான். திரும்பி வரும்போது ரப்பர் மரங்களைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவள் வந்தாள். ஐயா வாசலில் எழுந்து நின்றார். எந்தப் பெரியவர் வந்தாலும் அவர் எழுந்து நிற்கும் அதே விதத்தில், ஒரு பெண்பிள்ளைக்காக நின்றார். அவள், "சுகமோ மாமா?" என்றாள். ஐயா தலையை மட்டும் அசைத்தார்.

அம்மாவின் கட்டிலோரம் அமர்ந்து அவள் இரண்டாம் பாதியைச் சொன்னாள். என்னைப்போல் சுருக்கவில்லை. பாதிரியார் வீட்டு விருந்தில் என்னென்ன பரிமாறினார்கள் என்பதையும் சொன்னாள். அந்த வீட்டுக்காரி கெட்டிச் சாறு ஊற்றுவதை அவள் நடித்துக் காட்டியபோது அம்மா மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அவன் வந்தவனோ பிள்ளை?"

அவள் பொய் சொல்லவில்லை. "வந்தவன் மாமி. பிந்தித்தான் வந்தவன். அவள் போன பிறகு."

அம்மா மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்தார். சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் காத்திருந்தோம். அது போனதும், "பாவம்," என்றார். "அந்தப் பெட்டைக்கு மாமனும் இல்லை. போய்க் கூட்டிக்கொண்டு வர ஒரு மச்சாளும் இல்லை."

மச்சாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னர் என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி நிக்கிறாய்? விடியக் கிள்ளானில இருந்து வாறன். உங்கட வீட்டில சோறு இல்லையோ?"

"கொம்மா வேண்டாமெண்டு..."

"அம்மாவுக்கு நான் பதில் சொல்லுறன். ஏசுவா. ஏசிப்போட்டு, என்ன கறி எண்டு கேப்பா. போய் இலையைப் போடு."

கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும்தான் இருந்தன. விருந்து என்று ஒன்றும் சமைக்கவில்லை. சமைத்து வைத்துக் காத்திருந்தால் கேட்பதுபோல ஆகிவிடும் என்று நான் விட்டிருந்தேன். அவள் இலையில் தண்ணீர் தெளித்து, சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் உண்டு, "உப்புக் குறைவு," என்றாள். ஐயா கூடத்து நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கை கழுவி வரும்வரை இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்தார்.

"எங்க ஐயா?" என்று கேட்டேன்.

"செந்தூலுக்கு," என்றார்.

ஆள் அனுப்பியிருக்கலாம். அவரே போனார்.

அவர்கள் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. முதலில் ஐயா, பின்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேலையில் அண்ணி, தோளில் உறங்கும் குழந்தையோடு. அண்ணன் செம்பருத்தி வேலிக்கு உள்ளே வந்து, படிக்கு முன்னால் நின்றுவிட்டார். மச்சாள் கதவண்டை நின்றிருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார். அவளை அவர் முகத்துக்கு நேரே பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்னட்டைப் பிறகு சொல்லலாம்," என்றாள் அவள். "ஒன்பது பக்கத்துக்கு வேண்டாம். முதல்ல படியில ஏறுங்கோ."

அவருக்கு அது விளங்கியிருக்காது. அந்தப் புத்தகம் அவருடையதுதான். ஆனால் பரிசு வாங்கிய நாளிலிருந்து அவர் அதைப் படித்ததே இல்லை.

ஐயா வாளியில் தண்ணீர் மொண்டு படியருகே வைத்தார். "காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா," என்றார். அவருடைய குரல் அலுவலகம் விட்டு வரும் மகனிடம் ஒவ்வொரு மாலையும் சொன்ன அதே குரலாகத்தான் இருந்தது.

அம்மா அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் குழந்தை அவர் கட்டிலில்தான் விளையாடியது. அவர் கால்வீக்கத்தைப் பார்த்துக்கொண்டவள் அண்ணி. டிஸ்பென்சரிக்கை மெதுவான கை என்று அம்மா மெச்சுவார். டிரெஸ்ஸர் மாமி மரணச் சடங்குக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று எங்கள் வீட்டில் உண்டார். எனக்குச் சிரம்பானில் கலியாணம் அமைந்தபோது மாலை எடுத்துத் தந்தவள் மச்சாள். அவள் தன் விருப்பப்படி, பிந்தி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை மணந்தாள். மணக்குமுன் அவரை நேருக்கு நேர் நன்றாகப் பார்த்துவிட்டதாக எனக்குச் சொன்னாள்.

புத்தகத்தின் இரண்டு பாதிகளும் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒன்றாகக் கட்டித்தருவதாகப் பலர் சொன்னார்கள். அம்மாவின் சணல் தையலைப் பிரிக்கவேண்டியிருக்கும் என்பதால் கொடுக்கவில்லை. இரண்டாம் பாதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். பாதிரியார் வீட்டு விருந்து மச்சாள் சொன்ன அளவுக்கு நன்றாக இல்லை.